சாரத்துக்கு மேல சட்டம் ஏறுமா?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் ஏன் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. காரணம் எங்க வீடுதான். பட்டாபிராம்ல எங்க வீட்டு மேல ஒரு மாடி எடுத்துக்கிட்டு இருக்கோம். தை பிறந்ததும் வேலை ஆரம்பிச்சாச்சு. காலையில எட்டு மணிக்கு கம்பி வெட்டுற சத்தம் ஆரம்பிச்சா சாயங்காலம் ஆறு வரைக்கும் மைக்கை ஆன் பண்ண முடியாது. இதையும் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் பேசிக்கிட்டு இருக்கேன். நடுவுல அரக்கோணம் லோக்கல் போற சத்தம் கேட்டா மன்னிச்சிடுங்க.

இன்னைக்கு நான் வேற ஒரு தலைப்பு வச்சிருந்தேன். ஆனா போன திங்கட்கிழமை வீட்டுல ஒரு சண்டை. எனக்கும் அப்பாவுக்கும். அந்த சண்டையைத்தான் எபிசோடா மாத்தியிருக்கேன்.

என்ன சண்டைன்னா, பக்கவாட்டு சுவரைப் பூச சாரம் கட்டியிருந்தாங்க. சவுக்குக் கம்பு, கயிறு, மேல ரெண்டு பலகை. அவ்வளவுதான். ஓரத்துல பிடிமானத்துக்கு ஒரு குறுக்குக் கம்புகூட இல்ல. அந்தப் பலகையில ஒரு அக்கா, சித்தாள் வேலைக்கு வர்றவங்க, தலையில கலவைச் சட்டியோட நடந்து போறாங்க. கீழ இருந்து பார்த்த எனக்கு வயிறு கலங்கிடுச்சு. மேஸ்திரிகிட்ட, "அண்ணே, ஓரத்துல ஒரு கம்பு கட்டலாமே, அப்படியே வலையும் போட்டுடலாமா?"ன்னு கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சொன்னார்: "அதெல்லாம் வேணாம்பா. வேலைக்கு இடைஞ்சல். சாரத்துல ஏறுறவன் கண்ணைக் கால்ல வச்சுக்கணும். ரூலா வந்து புடிக்கப் போகுது?"

இதை வேற யாராவது சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன். எங்க அப்பா முப்பது வருஷம் கொத்தனார். 1998ல அண்ணா நகர் பக்கம் ஒரு சைட்டுல ரெண்டாவது மாடி உயரத்துல இருந்து விழுந்தவர். இடுப்பு எலும்பு உடைஞ்சு ஏழு மாசம் படுத்திருந்தார். எனக்கு அப்போ ஒரு வயசு. அம்மா மூணு வீட்டுல வேலை பார்த்துதான் அந்த ஏழு மாசம் ஓடுச்சு. வேலை எடுத்திருந்த காண்ட்ராக்டர் ஒரு தடவை வந்து பார்த்தாராம். கொஞ்சம் பணமும் ஒரு பை ஆப்பிளும் குடுத்தாராம். அதுக்கப்புறம் வரவே இல்ல. இன்னைக்கும் அப்பா நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் இழுப்பார்.

அவர் சொல்றார், ரூல் தேவையில்லன்னு. அவர் விழுந்ததுக்கு அவரோட கவனக்குறைவுதான் காரணம்னு இத்தனை வருஷமா நம்புறார்.

சரி, வரலாறுக்கு வருவோம்.

கட்டிடம் இடிஞ்சா யார் பொறுப்புன்னு எழுதி வச்ச ரொம்பப் பழைய சட்டங்கள்ல ஒண்ணு பாபிலோன் அரசன் ஹமுராபியோடது. ஏறக்குறைய 3,800 வருஷத்துக்கு முன்னாடி. கருங்கல்லுல செதுக்கின அந்தச் சட்டம் இப்போ பாரிஸ்ல லூவ்ர் மியூசியத்துல நிக்குது. அதுல வீடு கட்டுறவனைப் பத்தி சில விதிகள் இருக்கு. கட்டினவன் உறுதியா கட்டாம, வீடு இடிஞ்சு வீட்டுக்காரன் செத்தா, கட்டினவனுக்கு மரண தண்டனை. வீட்டுக்காரனோட மகன் செத்தா, கட்டினவனோட மகனைக் கொல்லணும். அடிமை செத்தா, பதிலுக்கு ஒரு அடிமை.

கொடூரமா இருக்குல்ல? ஆனா அதுல யார் இல்லன்னு கவனிங்க. வீட்டுக்காரன் இருக்கான், மகன் இருக்கான், அடிமை இருக்கான். செங்கல்லைத் தூக்கிக்கிட்டு மேல ஏறினவன் இல்ல. கட்டும்போதே சுவர் சரிஞ்சு அவன் மேல விழுந்தா என்னங்கிற கேள்வியே அந்த வரிகள்ல இல்ல. இந்த விடுபடலை மனசுல வச்சுக்கோங்க, மௌலிவாக்கத்துல திரும்ப இதைப் பார்ப்போம்.

இந்தியாவுக்கு வந்தா, வேலையிடப் பாதுகாப்புன்னு முதல்ல சட்டம் வந்தது 1881ல. பிரிட்டிஷ் காலத்து தொழிற்சாலைச் சட்டம். இங்க இருக்கிற தொழிலாளிங்க மேல இருந்த பாசத்துல மட்டும் வந்ததில்ல அது. பம்பாய் மில்லுங்க மலிவா துணி நெஞ்சு போட்டிக்கு வருதேன்னு லங்காஷயர் முதலாளிங்க குடுத்த அழுத்தமும் ஒரு காரணம். எப்படியோ, நூறு பேருக்கு மேல வேலை செய்யற, மெஷின் ஓடுற இடத்துல ஆபத்தான மெஷினைச் சுத்தி தடுப்பு போடணும், ஏழு வயசுக்குக் குறைஞ்ச குழந்தைங்களை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு அதுல இருந்தது. அப்புறம் சுரங்கத்துக்குத் தனிச் சட்டம். 1934ல துறைமுகத்துல மூட்டை ஏத்தி இறக்குறவங்களுக்குத் தனிச் சட்டம். சுதந்திரம் வந்த கையோட 1948ல புது தொழிற்சாலைச் சட்டம்.

கட்டிட வேலைக்கு மட்டும் எதுவும் வரல. 1923லேயே இழப்பீட்டுச் சட்டம் இருந்தது, உண்மைதான். ஆனா அது அடிபட்டதுக்கு அப்புறம் பேசற சட்டம். அதுக்கும் உன்னை வேலைக்கு வச்சது யார்னு நீதான் காட்டணும். தினக்கூலிக்குப் போறவனுக்கு மேஸ்திரியைத் தெரியும். மேஸ்திரிக்கு மேல இருக்கிற சப்-காண்ட்ராக்டர், அவருக்கு மேல இருக்கிற காண்ட்ராக்டர், அவருக்கும் மேல இருக்கிற ஓனர், இவங்களை எங்க போய்த் தேடறது?

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். ஆவடி டேங்க் ஃபேக்டரியை எடுத்துக்கோங்க, 1960கள்ல வந்தது. உள்ள லேத் மெஷின்ல வேலை செய்யறவருக்கு தொழிற்சாலைச் சட்டத்தோட பாதுகாப்பு உண்டு. மெஷினுக்குத் தடுப்பு, இன்ஸ்பெக்டர், எல்லாம் உண்டு. ஆனா அதே ஃபேக்டரிக்கு அஸ்திவாரம் தோண்டி சுவர் எழுப்பினாங்களே, அவங்களுக்குன்னு எழுதின பாதுகாப்புச் சட்டம் எதுவும் கிடையாது. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. பில்டிங் 1959ல திறந்தப்போ இந்தியாவிலேயே உயரமான கட்டிடம் அதுதான். பதினாலு மாடி. அதைக் கட்டின காலத்துலயும் இதே நிலைமைதான்.

1982ல டெல்லியில ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துச்சு. ஸ்டேடியம், ஃப்ளைஓவர், வீரர்கள் தங்க குடியிருப்புன்னு அவசர அவசரமா கட்டினாங்க. அங்க வேலை செஞ்சவங்களோட நிலைமை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. நீதிபதி பகவதி குடுத்த தீர்ப்புல, கட்டுமானம் ஆபத்தான வேலை, அதுல பதினாலு வயசுக்குக் குறைஞ்சவங்களை வைக்கக் கூடாதுன்னு சொல்ல வேண்டியிருந்தது. ஏன்னா அதுவரைக்கும் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட ஆபத்தான வேலைகள் பட்டியல்ல கட்டுமானமே இல்ல.

இதுக்கப்புறம் நடந்ததுல தமிழ்நாட்டுக்கு பெரிய பங்கு இருக்கு. நம்ம ஸ்கூல் புத்தகத்துல இது வரவே இல்லங்கறது எனக்கு ஆச்சரியம்தான். 1979ல சென்னையில தமிழ் மாநிலக் கட்டிடத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆர். கீதா மாதிரியான தொழிற்சங்கத் தலைவர்கள் அதுல முன்னணியில இருந்தாங்க. கட்டிட வேலையில சங்கம் வைக்கிறதே பெரிய கஷ்டம். ஃபேக்டரின்னா கேட்டு வாசல்ல நின்னா ஆயிரம் பேரைப் பார்க்கலாம். இங்க இன்னைக்கு அம்பத்தூர், நாளைக்கு தாம்பரம், அடுத்த மாசம் எந்த ஊரோ. முதலாளி யாருன்னே தெரியாது. யார்கிட்ட கோரிக்கை வைக்கிறது? அதனாலதான் அவங்க காண்ட்ராக்டரை விட்டுட்டு நேரா அரசாங்கத்துகிட்டப் போனாங்க. எங்களுக்குன்னு சட்டம் போடு, வாரியம் வை, கட்டுற ஒவ்வொரு கட்டிடத்துலயும் ஒரு பங்கை எங்களுக்கு வசூல் பண்ணுன்னு கேட்டாங்க.

1982ல தமிழ்நாடு அரசு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் கொண்டு வந்துச்சு. 1985ல நாடு முழுக்க இருந்த சங்கங்கள் சேர்ந்து மத்தியச் சட்டம் கேட்டு ஒரு பிரச்சாரக் குழு வச்சாங்க. ஓய்வுபெற்ற சுப்ரீம் கோர்ட் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதுக்குத் தலைமை. மனு, ஊர்வலம், பாராளுமன்றம்னு பத்து வருஷம் ஓடுச்சு. நடுவுல 1994ல தமிழ்நாட்டுல கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துச்சு. 1995 நவம்பர்ல மத்திய அரசு முதல்ல அவசரச் சட்டமாப் போட்டு, 1996 ஆகஸ்ட்ல முழுச் சட்டமா நிறைவேத்தினாங்க.

1881ல இருந்து 1996. கணக்குப் போட்டா 115 வருஷம். துணி நெய்யறவனோட கைக்கு வந்த பாதுகாப்பு, அந்த மில்லைக் கட்டினவனோட காலுக்கு வர்றதுக்கு அவ்வளவு நாள் ஆச்சு.

இங்க ஒரு நிமிஷம் அப்பாவுக்கு வர்றேன். அவர் விழுந்தது 1998. சட்டம் வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனா சட்டம்னா அது ஒரு சட்டகம் மாதிரி. சாரம் எப்படிக் கட்டணும், யார் சோதிக்கணும், குழி தோண்டினா பக்கச் சுவருக்கு எப்படி முட்டுக் குடுக்கணும், எப்போ பெல்ட், எப்போ வலைங்கிற விவரமெல்லாம் விதிகள்ல வரும். மத்திய விதிகள் 1998ல வந்துச்சு. தமிழ்நாட்டோட விதிகள் வந்தது 2006ல. சட்டத்துக்கும் விதிக்கும் நடுவுல இருந்த அந்தப் பத்து வருஷ இடைவெளியிலதான் எங்க அப்பா விழுந்தார். இதை அவர்கிட்ட சொன்னேன். "அப்போ நான் தப்பான வருஷத்துல விழுந்துட்டேன்னு சொல்லு"ன்னு சிரிச்சார்.

இப்போ மௌலிவாக்கம்.

பட்டாபிராம்ல இருந்து பூந்தமல்லி, அங்கிருந்து போரூர் பக்கம் போனா வரும். 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம். நல்ல மழை. எங்க தெருவுல கரண்ட் போயிடுச்சு, வந்தப்போ டி.வி.யில அதுதான் ஓடிக்கிட்டிருந்தது. கட்டி முடிக்கிற நிலைமையில இருந்த பதினோரு மாடிக் கட்டிடம் அப்படியே உட்கார்ந்துடுச்சு. அந்த ப்ராஜெக்டுக்கு 'ட்ரஸ்ட் ஹைட்ஸ்'னு பேர். ரெண்டு டவர், ஒண்ணு பேர் 'ஃபெய்த்', இன்னொண்ணு பேர் 'பிலீஃப்'. நான் எதுவும் சேர்க்கல, பேரே அதுதான்.

61 பேர் இறந்தாங்க. 27 பேரை உயிரோட எடுத்தாங்க. அரக்கோணத்துல இருக்கிற தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து, மோப்ப நாய், கேமரா எல்லாம் வச்சு ஒரு வாரம் தேடினாங்க. மூணு நாள் கழிச்சுக்கூட ஒருத்தரை உயிரோட எடுத்தாங்க. இறந்தவங்கள்ல பெரும்பாலானவங்க கூலித் தொழிலாளிங்க. ஆந்திராவோட வடக்கு மாவட்டங்கள்ல இருந்தும், ஒடிசாவுல இருந்தும், நம்ம தமிழ்நாட்டு மாவட்டங்கள்ல இருந்தும் வந்தவங்க. சனிக்கிழமை சம்பள நாள். மழைக்கும் சேர்த்து எல்லாரும் கட்டிடத்துக்குள்ளதான் இருந்தாங்க.

எங்க அப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. டி.வி.யைப் பார்த்துக்கிட்டே, "காலம்* தாங்கல... காலம் மெல்லிசா இருந்திருக்கு"ன்னு மட்டும் திரும்பத் திரும்ப சொன்னார். (*தூணைத்தான் சைட்டுல காலம்னு சொல்வாங்க.) இடி விழுந்ததுதான் காரணம்னு ஒரு பேச்சும் அப்போ ஓடுச்சு. ஓய்வுபெற்ற நீதிபதி ரெகுபதி தலைமையில விசாரணைக் கமிஷன் போட்டாங்க. கட்டிடத்தோட வடிவமைப்புலயே பெரிய குறைகள் இருந்ததுன்னு வெளிய வந்துச்சு. ஒரு மேஸ்திரி டி.வி.யில பார்த்து சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

அடுத்த வாரமே, ஜூலை 6ஆம் தேதி, செங்குன்றம் பக்கத்துல இன்னொண்ணு. ஒரு கோடவுனோட உயரமான மதில் சுவர் மழையில சரிஞ்சு, அதை ஒட்டிப் போட்டிருந்த குடிசைகள் மேல விழுந்துச்சு. உள்ள தூங்கிக்கிட்டிருந்த 11 பேர் இறந்தாங்க. அவங்களும் கட்டிட வேலைக்கு வந்தவங்கதான். இதுல கவனிங்க, 1996 சட்டத்துல தொழிலாளிங்களுக்குத் தங்கறதுக்கு ஒழுங்கான இடம் இலவசமா குடுக்கணும்னு தனிப் பிரிவே இருக்கு. மதிலை ஒட்டின தகரக் கொட்டகையைப் பார்த்து அந்தப் பிரிவை யாராவது எடுத்துக் காட்டியிருந்தா, அந்த ராத்திரி வேற மாதிரி போயிருக்கும்.

மௌலிவாக்கத்துக்கு அப்புறம் நடந்த விவாதத்தை நான் பழைய பேப்பர்ல உட்கார்ந்து படிச்சேன். ஃப்ளாட் வாங்கினவங்களோட பணம் என்ன ஆகும், சி.எம்.டி.ஏ. எப்படி அனுமதி குடுத்தது, மண் பரிசோதனை, லோன், இன்னொரு டவரை என்ன பண்றது. எல்லாமே நியாயமான கேள்விகள்தான். மீதி டவரை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வச்சு சில நொடியில இறக்கினாங்க. அதுக்கு முன்னாடி சுத்துவட்டாரத்துல இருந்த வீடுகளையெல்லாம் காலி பண்ணினாங்க, போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டின்னு அவ்வளவு ஏற்பாடு. உள்ள ஒருத்தர்கூட இல்லாத கட்டிடத்துக்கு. 2019ல தமிழ்நாட்டுக்குப் புது ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் வந்துச்சு. கட்டிடத்தை வடிவமைக்கிற இன்ஜினியர்கள் பதிவு, யார் எதுக்குக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேத்துக்கணும்னு எல்லாம் அதுல இருக்கு. நல்ல விஷயம்.

ஆனா அது கட்டிடத்தைப் பத்தின விதி. கட்டுறவனைப் பத்தின விதி வேற, அதைப் பார்க்கிற துறை வேற. கட்டிடம் எத்தனை மாடி, செட்பேக் எவ்வளவுங்கிறது ஒரு ஆபீஸ். சாரம் சரியா இருக்கா, சென்ட்ரிங்குக்கு முட்டு சரியா இருக்காங்கிறது தொழிலகப் பாதுகாப்புத் துறை. முதல் ஆபீசைப் பத்தி ஊரே பேசுச்சு. ரெண்டாவதைப் பத்தி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கீங்க? 61 பேரோட சாவுலயும் நம்ம பேச்சு வீட்டுக்காரன் பக்கமே போச்சு. ஹமுராபி கல்லுல விடுபட்ட அதே ஆள், இங்கயும்.

இப்போ எதிர்த்தரப்பு. என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் சைட் இன்ஜினியர். அவன்கிட்ட இதைப் பேசினப்போ மூணு விஷயம் சொன்னான். ஒண்ணு, ஹெல்மெட் குடுத்தாலும் போட மாட்டாங்க, வேர்க்குதுன்னு கழட்டி அதுலயே ஆணி போட்டு வச்சுப்பாங்க. ரெண்டு, ரூல் கூடினா ஃபைல்தான் பெருசாகும், சாரம் ஒண்ணும் பலமாகாது. மூணு, நல்ல கம்பெனி எந்தச் சட்டமும் இல்லாமலே பாதுகாப்பைப் பார்த்துக்கும், ஏன்னா விபத்து நடந்தா நஷ்டம் அவனுக்குத்தான்.

மூணாவதுக்கு ஒரு அழகான உதாரணம் வரலாறுல இருக்கு. சான் ஃப்ரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலம். 1933ல இருந்து 1937 வரைக்கும் கட்டினாங்க. அந்தக் காலத்துல பெரிய பாலம்னா பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஒரு உயிர்னு ஒரு கணக்கே வச்சிருந்தாங்க. தலைமை இன்ஜினியர் ஜோசஃப் ஸ்ட்ராஸ் அதை ஏத்துக்கல. ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலருக்கு மேல செலவு பண்ணி பாலத்துக்குக் கீழ முழுக்க வலை கட்டினார். ஹெல்மெட் கட்டாயம், மீறினா வேலை போயிடும். விழுந்த 19 பேரை அந்த வலை காப்பாத்துச்சு. அவங்க தங்களுக்கு 'நரகத்துக்குப் பாதி வழி கிளப்'னு பேர் வச்சுக்கிட்டாங்க. முடியப் போற நேரத்துல ஒரு கனமான சாரம் கழண்டு வலையையே கிழிச்சுக்கிட்டு விழுந்து பத்து பேர் இறந்தாங்க. மொத்தம் 11.

சட்டம் கேக்காமலே ஸ்ட்ராஸ் வலை கட்டினார், உண்மை. ஆனா அதே ஊர்ல, அதே வருஷங்கள்ல, சில மைல் தூரத்துல பே பாலம் கட்டினாங்க. அங்க அந்த மாதிரி வலை இல்ல, இருபது பேருக்கு மேல இறந்தாங்க. ஒரே கடல், ஒரே காத்து. எந்தப் பாலத்துல வேலை கிடைச்சதுங்கிற அதிர்ஷ்டம்தான் வித்தியாசம். நல்ல முதலாளி இருப்பாரு, மறுக்கல. ஆனா வேலை தேடிப் போறவன் முதலாளியைத் தேர்ந்தெடுக்கிற நிலைமையில இல்லையே. அமெரிக்கா முழுக்கப் பொருந்தற வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1970 டிசம்பர்ல.

ரெண்டாவது வாதம், ஃபைல்தான் பெருசாகும்ங்கிறது. இதை என்னால முழுசா தள்ள முடியல. அமெரிக்காவுல அந்தச் சட்டம் வந்து ஏழு வருஷம் கழிச்சு, 1978 ஏப்ரல்ல, வில்லோ ஐலண்ட்ங்கிற இடத்துல பவர் ஸ்டேஷனோட கூலிங் டவர் கட்டும்போது சாரம் கழண்டு 51 பேர் இறந்தாங்க. முந்தின நாள் போட்ட கான்கிரீட் இறுகறதுக்குள்ள அது மேலயே சாரத்தோட பாரத்தை ஏத்திட்டாங்க. சட்டம் இருந்துச்சு, விதி இருந்துச்சு. இங்கயும் பாருங்க, 2025 செப்டம்பர் 30ல எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையக் கட்டுமானத்துல இரும்புச் சாரம் சரிஞ்சு ஒன்பது பேர் இறந்தாங்க. அஸ்ஸாம்ல இருந்து வந்தவங்க. அது அரசாங்கத்தோட மின் நிலையம். அதுக்கு மூணு மாசம் முன்னாடி மவுண்ட்-பூந்தமல்லி ரோடுல மெட்ரோ தூணுக்கு மேல வைக்கிற ராட்சச கர்டர் விழுந்து, பைக்ல போன ஒருத்தர் இறந்தார்.

விதி எழுதினதோட வேலை முடியாதுங்கிறதுக்கு இன்னொரு சாட்சி, செஸ் பணம். 1996 சட்டத்தோட சேர்ந்து இன்னொரு சட்டமும் வந்துச்சு, கட்டுமானச் செலவுல ஒரு சதவீதம் தொழிலாளர் நலனுக்குன்னு வசூல் பண்ண. நீங்க வாங்கின ஃப்ளாட்டோட விலையிலயும் அது ஒளிஞ்சிருக்கும். 2018ல சுப்ரீம் கோர்ட் கணக்குக் கேட்டப்போ, நாடு முழுக்க 37,400 கோடி ரூபாய் வசூலாகியிருந்தது. தொழிலாளிங்களுக்கு செலவானது சுமார் 9,500 கோடி. அந்தப் பணத்துல லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கின கதையும் கோர்ட்ல வெளிய வந்துச்சு. சித்தாள் அக்காவுக்கு வாஷிங் மெஷினா? அதைத்தான் நீதிபதிகளும் கேட்டாங்க.

ஆனா ஃப்ரெண்டோட வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு. விதியை யாரும் பார்க்கறதில்லங்கிறதுல இருந்து விதியே வேணாம்ங்கிற முடிவு எப்படி வரும்? சிக்னலை மதிக்கல, அதனால சிக்னலைக் கழட்டிடலாம்னு சி.டி.எச். ரோடுல யாரும் சொல்றதில்லையே. பார்க்கறதுக்கு ஆள் போடணும்னுதானே வரணும்? ஹெல்மெட் விஷயமும் அதேதான். சும்மா தலையில போடற ஹெல்மெட்டைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கோம், ஏன்னா அது தொழிலாளியோட பொறுப்புன்னு தள்ளி விட வசதியா இருக்கு. ஓரக் கம்பு, வலை, முட்டு, இதெல்லாம் கட்டுறவன் பொறுப்பு. பலகையில கவனமா நடக்கறது அக்கா கையில இருக்கு. பலகைக்கு அகலம் எவ்வளவுங்கிறது அவங்க கையில இல்ல.

சரி, இவ்வளவு பேசறேனே, எங்க வீட்டுக்கு எந்தச் சட்டம்? தேடிப் பார்த்தேன். 1996 சட்டப்படி, சொந்தமா குடியிருக்க வீடு கட்டி செலவு பத்து லட்சத்துக்குள்ள இருந்தா சட்டம் பொருந்தாது. எங்க மாடிக்கு ஆகுறது இருபத்திரண்டு லட்சம். அப்போ பொருந்தணும்தானே? இல்ல. 2025 நவம்பர் 21ல இருந்து நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தாச்சு. பழைய சட்டம் அதுக்குள்ள கரைஞ்சுடுச்சு. புதுசுல அந்த வரம்பு ஐம்பது லட்சம். இன்ஸ்பெக்டருக்குப் பேரும் மாறிடுச்சு, இப்போ அவர் 'இன்ஸ்பெக்டர்-கம்-ஃபெசிலிடேட்டர்', அதாவது சோதிக்கிறவர் பாதி, ஆலோசனை சொல்றவர் பாதி. பாதுகாப்பு அதிகாரி வைக்க வேண்டிய சைட்டோட அளவை 500 தொழிலாளர்ல இருந்து 250ஆ குறைச்சிருக்காங்க, அது முன்னேற்றம்தான். எங்க மாடியில இருந்து பார்த்தா தெரியற டைடல் பார்க் மாதிரி இருபத்தோரு மாடிக் கட்டிடங்களுக்கு அது உதவும்.

எங்க வீட்டுச் சாரத்துக்கு எதுவும் இல்ல. ஆவடியிலயும் பட்டாபிராம்லயும் திருநின்றவூர்லயும் தெருவுக்குத் தெரு எழும்பற ஒரு மாடி ரெண்டு மாடி வீடுகளுக்கும் பெரும்பாலும் இல்ல. அங்க ஓரக் கம்பு கட்டறதும் கட்டாததும் வீட்டுக்காரர் இஷ்டம். அதாவது என் இஷ்டம். 1998ல ஆப்பிள் பையோட வந்தாரே, அந்த இடத்துல இப்போ நான் நிக்கிறேன்.

கொஞ்சம் வெட்கமான ஒரு விஷயமும் சொல்லிடறேன். வலை, கூடுதல் கம்பு, பெல்ட் எல்லாத்துக்கும் மேஸ்திரி சொன்ன கணக்கு பதினாலாயிரம் ரூபாய். அதைக் கேட்டதும் எனக்கே, "கொஞ்சம் குறைக்க முடியுமாண்ணே?"ன்னுதான் வாய்ல வந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் பாத்ரூம் டைல்ஸுக்கு அதைவிட ரெண்டு மடங்கு குடுத்தேன், பேரமே பேசாம.

கட்டினோம். செவ்வாய்க்கிழமை காலையில கம்பும் வலையும் வந்துச்சு. அப்பா ஒண்ணும் பேசாம திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தார். மதியம் சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட சொன்னார், இருபத்தெட்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாததை. அன்னைக்குக் காலையில சாரம் ஏறும்போதே ஒரு முடிச்சு தளர்ந்திருக்குன்னு பார்த்தாராம். சொன்னாராம். "பூச்சு காஞ்சிடும், முதல்ல இதை முடி, சாப்பிட்டு வந்து கட்டிக்கலாம்"னு பதில் வந்துச்சாம். பதினோரு மணிக்கு விழுந்திருக்கார்.

"அப்புறம் எப்படிப்பா அது உங்க கவனக்குறைவு?"ன்னு கேட்டேன்.

"பார்த்துட்டும் ஏறினேன்ல"ன்னார்.

அதுக்கு மேல நான் பேசல. மறுநாள் காலையில ஏழரைக்கே அவர் வெளிய நின்னுக்கிட்டிருந்தார். காலை இழுத்துக்கிட்டே சாரத்தைச் சுத்தி வந்து, எட்டுற உயரத்துல இருந்த ஒவ்வொரு முடிச்சையும் கையால இழுத்துப் பார்த்துட்டு, எட்டாததுக்கு மேஸ்திரியை ஏத்தி விட்டார். இந்த வாரம் முழுக்க அப்படித்தான். வெள்ளிக்கிழமை ஒரு முடிச்சை அவுத்துத் திரும்பக் கட்டச் சொன்னார். சித்தாள் அக்கா கீழ டீ கிளாஸோட நின்னு, அவர் முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தாங்க.

ரூஃப் கான்கிரீட் அடுத்த வாரம். அதனால அடுத்த எபிசோடும் ஒரு நாலு நாள் தள்ளித்தான் வரும்.